அரசு அனுப்பிய அந்த உறை உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

போன செப்டம்பரில் எங்கள் கிரிக்கெட் அணியின் வலைப்பயிற்சி தொடங்கியபோது ஒரு அண்ணா மட்டும் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். 47 வயது. சுழற்பந்து போடுவார். நான் கிரெய்கிபர்னில் வீடு கட்டி வந்த முதல் வாரமே கதவைத் தட்டி, "தமிழோ?" என்று கேட்டு, ஒரு டப்பா நிறைய வடையோடு உள்ளே வந்த மனிதர். மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பெருங்குடலில் புற்றுநோய். நிணநீர்க் கணுக்கள் வரை பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியிருந்தார்கள்.

பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஸ்கோர் பேசிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார். "ஒரு வருஷமா அப்பப்ப ரத்தம் போனது தம்பி. மூலம் எண்டு நினைச்சன். உடம்புச் சூடு எண்டு மோரும் வெந்தயமும் குடிச்சுக்கொண்டு இருந்தனான்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த கிட்டை 45 வயசிலயே கேட்டு வாங்கலாமாம். ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரியும். 2024 ஜூலையில் செய்தியில் படித்தேன். எனக்கு 38 வயதுதானே என்று தள்ளிவிட்டுப் போய்விட்டேன்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஷூ ரேக் மேலே கண் போனது. பீட்சா விளம்பரம், ரியல் எஸ்டேட் நோட்டீஸ், கவுன்சில் ரேட்ஸ் பில், இவற்றுக்கு அடியில் அப்பா பெயருக்கு வந்த தடித்த உறை. தேசிய பெருங்குடல் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம். வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு 67 வயது. பெற்றோர் விசாவில் வந்து நிரந்தரவாசி ஆனவர், கையில் மெடிகேர் அட்டை இருக்கிறது. அந்த உறையை அங்கே வைத்தது அப்பா இல்லை, நான்தான்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்.

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்பது பல வீடுகளில் தெரியாது. இரண்டு சிறிய குழாய்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு குச்சி. கழிப்பறையில் விரிக்க மக்கும் தாள். ஒரு படிவம், தபால்தலை தேவைப்படாத திரும்பும் உறை. இரண்டு வெவ்வேறு முறை மலம் கழிக்கும்போது குச்சியால் லேசாகச் சுரண்டி, குழாயில் போட்டு மூடி, தபாலில் சேர்த்தால் முடிந்தது. ஆய்வகத்தில் அதில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியில் தொடங்கி, வருடக்கணக்கில், பெரும்பாலும் பத்து வருடம் எடுத்துத்தான் புற்றாக மாறுகின்றன. அந்த நீண்ட இடைவெளியில் பிடித்துவிட்டால் வெட்டி எடுத்துப் போட்டுவிடலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் 90 சதவீதத்துக்கும் மேல் குணமாக்க முடிகிற நோய் இது. அப்படியிருந்தும் ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் இறப்புகளில் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. வருடத்துக்கு சுமார் 15,000 பேருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது, 5,000 பேருக்கு மேல் சாகிறார்கள்.

இலவசமாக, வீட்டு வாசலுக்கே வருகிற இந்த கிட்டைச் செய்து திருப்பி அனுப்புகிறவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில்தான். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறவர்களிடம் அது இன்னும் குறைவு. 2017-இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஒரு கணக்கு இது: இதே 40 சதவீதம் நீடித்தால் 2015 முதல் 2040 வரை சுமார் 59,000 இறப்புகள் தடுக்கப்படும். 60 சதவீதம் ஆனால் சுமார் 84,000. இடையில் இருக்கும் 25,000 உயிர்களுக்குப் புது மருந்தோ புது மெஷினோ வேண்டாம். இன்னும் கொஞ்சம் பேர் உறையைப் பிரித்தால் போதும்.

இந்தத் திட்டம் ஒரே நாளில் இப்படி வந்துவிடவில்லை. 1980-களில் நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோரில் ரோட்டரி சங்கத்தினர் மருந்துக் கடைகள் வழியாக மலப் பரிசோதனைப் பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசு உள்ளே வந்தது 2006-இல். அப்போது 55, 65 வயது ஆகிறவர்களுக்கு மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக வயதுகளைச் சேர்த்து, 50 முதல் 74 வரை எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற நிலை வர 2020 ஆகிவிட்டது. நடுவில் 2009-இல் கிட்டிலேயே ஒரு கோளாறு தெரியவந்து, திட்டத்தைச் சில மாதம் நிறுத்திவைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுபடி அனுப்பிய கதையும் உண்டு. கிட் அனுப்புவதையும் ஆய்வு செய்வதையும் முதலில் டொரெவிச் நிறுவனம் பார்த்தது, 2018-இலிருந்து சோனிக் ஹெல்த்கேர் பார்க்கிறது. யாருக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் தேசியப் பதிவேட்டை நடத்தும் ஒப்பந்தம் 2016-இல் டெல்ஸ்ட்ரா ஹெல்த்துக்குப் போனது. தொலைபேசி கம்பெனியிடம் நம் உடம்புக் கணக்கா என்று அன்று பெரிய சத்தம் எழுந்தது, செனட் விசாரணை வரை போனது. சொன்ன தேதிக்கு வேலையும் முடியவில்லை. குடல் பரிசோதனைப் பகுதி புதுப் பதிவேட்டுக்கு மாற 2019 நவம்பர் ஆயிற்று. என் துறையில் இருப்பவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பரிசோதனை முறையும் மாறியிருக்கிறது. பழைய முறையில் சிவப்பு இறைச்சி போன்றவற்றைச் சில நாள் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டுக்கறியின் ரத்தமும் மனித ரத்தமும் அதற்கு ஒன்றுதான். இப்போதையது மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும். முந்தின நாள் மட்டன் குழம்பு சாப்பிட்டிருந்தாலும் கவலையில்லை.

இவ்வளவு பேர், இவ்வளவு வருடம், இவ்வளவு காசு. அந்த உறை கடைசியில் என் ஷூ ரேக் வரை வந்து நின்றுவிட்டது.

வேலையில் நான் பார்ப்பது அறிவிப்பு அனுப்பும் மென்பொருள். அதில் முதல் பாடமே, 'போய்ச் சேர்ந்தது' வேறு, 'படித்தார்' வேறு என்பதுதான். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுந்தாலே நாம் நிம்மதியாவதில்லை, நீலமாக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தபாலில் வரும் கிட்டுக்கு நீல டிக் கிடையாது.

இன்னும் ஒன்று. அப்பாவுக்கு 65 வயதிலும் ஒரு கிட் வந்திருக்க வேண்டும். வரவேயில்லை. இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அப்போது நாங்கள் கிளென்ராயில் வாடகை வீட்டிலிருந்து கிரெய்கிபர்னுக்கு மாறியிருந்தோம். வங்கிக்கு விலாசம் மாற்றினேன், கார் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மாற்றினேன், இந்தியன் ஸ்டோர் லாயல்டி கார்டுக்குக்கூட மாற்றினேன். அப்பாவின் மெடிகேர் விலாசத்தை மாற்ற ஒரு வருடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. கிட் போவது மெடிகேர் பதிவில் இருக்கும் விலாசத்துக்கு. கிளென்ராயில் எங்களுக்குப் பிறகு குடியேறியவர்கள் அதை என்ன செய்தார்களோ. நம்மில் எத்தனை குடும்பம் ஐந்து வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அண்ணாவின் விஷயம். 2024 ஜூலை 1 முதல் தகுதி வயது 45 ஆகக் குறைந்தது. ஆனால் இதில் ஒரு சிறிய எழுத்து இருக்கிறது. 50 ஆனவர்களுக்குத் தானாக வரும். 45 முதல் 49 வரை உள்ளவர்கள் முதல் கிட்டைத் தாங்களே கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்ததிலிருந்து தானாக வரும்.

கேட்டு வாங்க, முதலில் அப்படி ஒன்று இருப்பது தெரிய வேண்டும். தெரிகிறவர்கள் யார்? ஆங்கிலச் செய்தி கேட்கிறவர்கள், வருடா வருடம் ஜி.பி.யிடம் போய் உட்கார்ந்து பேசுகிறவர்கள். 2005-க்கும் 2015-க்கும் இடையில் ஐ.டி. விசாவிலும் மாணவர் விசாவிலும் அகதியாகவும் வந்து, இரண்டு ஷிப்ட் பார்த்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் இன்று சரியாக அந்த 40-களில்தான் நிற்கிறார்கள். அவர்கள் டாக்டரிடம் போவது மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கத்தான். மென்பொருளில் எது இயல்பாக 'ஆன்' ஆகியிருக்கிறதோ அதுதான் நடக்கும், 'ஆஃப்' ஆக விட்டதைப் பெரும்பாலோர் தொடவே மாட்டார்கள். 45 வயதுக்காரர்களுக்கு அரசு இதை 'ஆஃப்' ஆக விட்டிருக்கிறது. கொலோனோஸ்கோபி வரிசை ஏற்கெனவே நீளம், ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பினால் தாங்காது என்பது காரணமாக இருக்கலாம். புரிகிறது. ஆனால் அந்த வரிசையைக் குறைக்கும் வேலையை, விவரம் தெரியாதவர்களை வெளியே நிறுத்திச் செய்வது நியாயமில்லை. இது மாற வேண்டும். 45 ஆனவர்களுக்கும் தபாலில் போக வேண்டும்.

அரசைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட முடியாது.

நம் வீடுகளில் காலையில் முதல் பேச்சே "போச்சா?" என்பதுதான். கிளியராகப் போகவில்லை, இரண்டு நாளாகப் போகவில்லை, வாழைப்பழம் சாப்பிடு, வெந்நீர் குடி, விளக்கெண்ணெய் கொடு என்று மூன்று தலைமுறையும் காபி டம்ளரோடு உட்கார்ந்து பேசுவோம். அந்த அளவுக்குக் கூச்சமே இல்லாத இனம், ஒரு குச்சியைக் கையில் கொடுத்ததும் "சீச்சீ" என்கிறது. குழாயைத் தபாலில் சேர்க்கும் வரை குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று குறிப்பில் இருந்தது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இட்லி மாவு வைக்கிற ஃப்ரிட்ஜ்லயா?" கடைசியில் பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் பையோடு வைத்து மூடி, மாவுக்கும் அதற்கும் இரண்டு தட்டு தூரம் என்று ஒப்பந்தம் ஆனது.

அப்பாவிடம் வேறு காரணங்கள். "நான் சைவம்பா, எனக்கு வராது." இறைச்சி ஒரு காரணம்தான். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது உண்மை. சனிக்கிழமை பன்னிங்ஸ் வாசலில் சாசேஜுக்கு வரிசையில் நிற்கும் என் பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வயது, உடல் எடை, உட்கார்ந்தே இருப்பது, மது, குடும்ப வரலாறு என்று மற்றவையும் இருக்கின்றன. தயிர்சாதம் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் வருகிறது.

"ஊர்ல நம்ம ஆளுக யாருக்கும் இது வந்ததே இல்லையே" என்பது அடுத்தது. அதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் குடல் புற்றுநோய் விகிதம் குறைவு, ஆஸ்திரேலியாவில் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. குறைவான நாட்டிலிருந்து அதிகமான நாட்டுக்குப் போய்க் குடியேறியவர்களின் விகிதம் போன இடத்தை நோக்கி ஏறுவதை ஹவாய் போன ஜப்பானியர்களிடம் அறுபது வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். நாம் இங்கே வந்து பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். 1990-களில் பிறந்தவர்களுக்கு, 1950-களில் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைப்போல இரண்டு மூன்று மடங்கு அபாயம் என்கிறார்கள்.

பிறகு, "ரத்தத்துல பார்த்துக்கலாமே?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஷீல்டு என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. அதன் ஆய்வில், இருந்த புற்றுநோய்களில் 83 சதவீதத்தைப் பிடித்தது. நல்ல எண்தான். ஆனால் புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்களில் 13 சதவீதத்தைத்தான் பிடித்தது. வருவதற்கு முன் தடுப்பதுதான் நோக்கம் என்றால் அது போதாது. நம் ஆட்கள் 'ரத்தத்துல பார்த்தாச்சு' என்று சொல்வது இதைக்கூட அல்ல. ஊருக்குப் போகும்போது சென்னையில் எடுக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பை. அந்தப் பேக்கேஜ்களில் சி.இ.ஏ. என்று ஒரு வரி இருக்கும். நார்மல் என்று வந்ததும் ஃபைலை மூடிவிடுவோம். அது நோய் ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க உதவும் சோதனை. ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் புற்றுநோயைத் தேட அதை நம்பக்கூடாது. அப்பாவின் ஃபைலிலும் அந்த நார்மல் இருந்தது.

"எதுக்கு இந்தக் குச்சி? நேரா கேமரா விட்டுப் பார்த்துடலாமே" என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். வசதி உள்ளவர்களுக்கு கிட் என்றாலே இரண்டாம்தரம் என்ற எண்ணம். ஸ்பெயினில் சுமார் 57,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் கொலோனோஸ்கோபிக்கும் மற்றவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த மலப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். பத்து வருட முடிவு 2025-இல் வந்தது. குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. காரணம் எளிது. கேமராவுக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் குறைவு, குச்சிக்கு அதிகம். எவ்வளவு உயர்ந்த பரிசோதனையாக இருந்தாலும் ஆள் வந்தால்தானே. குடும்பத்தில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வந்திருந்தால் கணக்கு வேறு, அவர்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. ரத்தம் போகிறது, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறிவிட்டது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்று இருந்தால் கிட்டுக்குக் காத்திருக்கக்கூடாது. 30 வயதானாலும் நேராக ஜி.பி.யிடம் போக வேண்டும். மூலமாகவே இருக்கலாம். அதை அவர் சொல்லட்டும்.

அப்பா ஒருவழியாகச் செய்தார். கிட்டின் காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது, தப்பித்தோம். குழாயில் பெயர் எழுதும்போது ரேஷன் கார்டில் இருப்பதுபோல இனிஷியலை முன்னால் போட்டுவிட்டார். மெடிகேரில் இருப்பதுபோல மாற்றி எழுத வைத்தேன். பெயரோ, மாதிரி எடுத்த தேதியோ இல்லாவிட்டால் ஆய்வு செய்யாமல் விட்டுவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. வெயிலுக்கு முன் காலையிலேயே போய் சிவப்புத் தபால்பெட்டியில் போட்டார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பாசிட்டிவ்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா விளக்கேற்றிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். உண்மையில் நூறு பேரில் ஆறேழு பேருக்குப் பாசிட்டிவ் வரும், அவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இதை நான் அம்மாவிடம் நாலு முறை சொன்னேன். நாலு முறையும் நான் எதையோ மறைக்கிறேன் என்றே நினைத்தார்.

அரசு மருத்துவமனையில் பதினோரு வாரம் காத்திருந்தோம். ஜி.பி. எழுதிக் கொடுத்ததிலிருந்து 120 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது இங்கே வழிகாட்டு நெறி, அதற்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினோரு வாரமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தனியாரில் காசு கட்டினால் சீக்கிரம் கிடைத்திருக்கும், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. முந்தைய நாட்களில் விதை, பருப்பு, கீரை எதுவும் கூடாது என்றார்கள். தாளிப்பில் கடுகு சீரகம்கூட இல்லாமல் வெள்ளைச் சோறும் தயிரும். குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டு, "எங்க பாட்டி கொடுத்த விளக்கெண்ணெயே பரவால்ல" என்றார். மயக்க மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டு பாலிப். அங்கேயே வெட்டி எடுத்தார்கள். புற்று இல்லை, ஆனால் ஒன்று அந்தப் பக்கம் போகும் வகை என்றார் டாக்டர். மொழிபெயர்ப்பாளர் இருந்தும் அதை அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். ஷூ ரேக் பற்றியும் சொன்னேன். "சரி விடு" என்றார்.

இதில் என்ன மாற வேண்டும் என்று யோசித்தால் நான் திரும்பத் திரும்ப ஓரிடத்துக்கே வருகிறேன். அந்த உறை தபாலில் வராமல் யாராவது கையில் கொடுத்திருந்தால்?

இது புது யோசனை இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடி மக்களிடம் தபால் கிட் எடுபடவில்லை என்று தெரிந்தபோது, மென்சிஸ் சுகாதார ஆய்வு நிறுவனம் நடத்திய முன்னோடித் திட்டத்தில், அவர்கள் நம்பிப் போகும் கிளினிக்கிலேயே சுகாதாரப் பணியாளர் கிட்டைக் கையில் கொடுத்து, எப்படிச் செய்வது என்று பேசி விளக்கினார். பங்கேற்பு கூடியது. அதன் தொடர்ச்சியாகத்தான் 2022 முதல் எந்த ஜி.பி. கிளினிக்கும் கிட்களை மொத்தமாக வரவழைத்து நோயாளியின் கையில் கொடுக்கலாம் என்று வந்தது. அதாவது வசதி இருக்கிறது. நம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் தமிழ் டாக்டர்களிடம் என் கோரிக்கை இது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எழுத வரும் 45 தாண்டியவர்களிடம் ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்து, "உங்க கிட் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுங்கள். தமிழில், 'வெளிக்குப் போறப்ப இப்படி எடுக்கணும்' என்று ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை செய்தவர்கள் அடுத்த முறை பெரும்பாலும் தாமே செய்துவிடுகிறார்கள். தடை முதல் முறைதான்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒன்று. பொங்கல் விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறோம். ஒரு ஜி.பி.யை அழைத்து ஒரு மேஜை போட்டு, மொபைலில் மெடிகேர் விலாசத்தைச் சரிபார்க்க நாலு இளைஞர்களை உட்கார வைத்தால் போதும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தன்னார்வ வேலை கிடையாது. தாத்தா பாட்டியிடம் தமிழில் மலம் பற்றிப் பேசினால் மொழியும் வளரும்.

விசிட்டர் விசாவிலும் தற்காலிகப் பெற்றோர் விசாவிலும் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு மெடிகேர் இல்லை, அதனால் கிட் வராது. நிரந்தரப் பெற்றோர் விசா வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது. அதற்குள் அவர்கள் 74-ஐத் தாண்டிவிடுவார்கள். மருந்துக் கடையில் காசு கொடுத்து கிட் வாங்கலாம். ஊரில் போய்ச் செய்துகொள்ளலாம் என்றால், அங்கே அரசின் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பது வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்கள். குடல் இல்லை. இலங்கையிலும் தேசியத் திட்டம் கிடையாது. எனவே அவர்களுக்கு நாமேதான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வேறு நாடுகளில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: இங்கிலாந்தில் 2019-இல் இதே புதுவகைக் கிட்டுக்கு மாறி, தொடக்க வயதை 60-இலிருந்து படிப்படியாக 50-க்கு இறக்கியிருக்கிறார்கள், தபாலில் வரும். ஒன்டாரியோவிலும் 2019-இல்தான் மாறினார்கள், 50 முதல் 74 வரை, அங்கே குடும்ப டாக்டர் மூலம் கேட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். ஸ்கார்பரோவிலும் ஹாரோவிலும் ஷூ ரேக்குகள் உண்டு என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் கிட் கேட்கவும், வராவிட்டால் விசாரிக்கவும் தேசியப் பதிவேட்டு எண் 1800 627 701. ஆங்கிலம் சிரமம் என்றால் முதலில் 131 450-ஐக் கூப்பிட்டு 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரோடு இணைப்பார்கள்.

அண்ணாவுக்கு இன்னும் கீமோ மீதி இருக்கிறது. போன மாதம் மைதானத்துக்கு வந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் இடைவேளையில் எல்லோரையும் கூப்பிட்டு, "45 தாண்டின ஆக்கள் கை தூக்குங்கோ" என்றார். ஆறு பேர். அங்கேயே ஆளுக்கொரு போனை எடுத்து கிட் கேட்க வைத்தார். ஆறு பேருக்கும் வந்துவிட்டது. நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் தினமும் நாளைக்கு என்கிறார். ஆறாவது எங்கள் விக்கெட் கீப்பர். போன ஞாயிறு கேட்டேன், கிட் கார் டிக்கியில் இருக்கிறதாம். இந்த வெயிலில் அங்கே வைக்கக்கூடாது, கெட்டுப்போகும், உடனே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். இரண்டு டிக் விழுந்திருக்கிறது. இன்னும் நீலமாகவில்லை.